நூல் பிடிக்க இரண்டு கை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் புருவம் திருத்திக்கொள்ள வரும் பெண்கள் கடையைப் பார்த்து வருவதில்லை, கையைப் பார்த்துத்தான் வருவார்கள். சந்திரகலாவின் அழகு நிலையத்தில் நான்கு நாற்காலிகள். மூன்று காலியாகக் கிடந்தாலும், தாமரையின் நாற்காலிக்காக ஐந்து பேர் சுவரோரம் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். முதலாளி சந்திரகலா சும்மா நிற்பாள், சம்பளத்துக்கு வந்த தாமரைக்கு முதுகை நிமிர்த்த நேரம் இருக்காது. சந்திரகலாவுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனால் வருகிற கூட்டம் தன் கடைக்குத்தானே வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

நூலில் புருவம் எடுப்பது பார்ப்பதற்குத்தான் சுலபம். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும், மிச்சத்தை இரண்டு கை விரல்களிலும் முறுக்கிப் பிடிக்க வேண்டும், மல்லாந்து சாய்ந்திருப்பவளின் நெற்றிக்கு மேலே குனிந்து நிற்க வேண்டும். வாயும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தாழ உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. தாமரை பதினான்கு வருடம் இப்படி நின்றாள். கிள்ளானில் காலை ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மாலைவரை நின்று, திரும்பும் ரயிலிலும் இடம் கிடைக்காமல் நின்றே வீடு போவாள். கால் வலிக்கிறது என்று அப்போதெல்லாம் அலுத்துக்கொண்டதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே சிரிப்பு வரும்.

அவள் கணவன் விமலனுக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் வேலை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சம்பளத்தை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவருவான். குறை என்று சொன்னால் அவசரம் ஒன்றுதான். ஒரு நாள் மாலை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நம் ஊரில் மழை வந்தால் மோட்டார் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்பார்கள். அன்றும் முப்பது பேர் நின்றிருந்தார்கள். அங்கே நிறுத்தச் சொல்லி தாமரை அவன் தோளைத் தட்டினாள். இன்னும் பத்து நிமிஷம்தான் என்று சொல்லி விமலன் நிற்காமல் போனான். அடுத்த வளைவில் சக்கரம் வழுக்கியது. அவனுக்கு முழங்கையில் ஏழு தையல். அவளுக்கு நெஞ்சுக்கூடு முடிகிற இடத்தில் முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் போயிற்று, பலமும் போயிற்று.

அந்தப் பாலத்தைப் பற்றித் தாமரை ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் துருவித் துருவிக் கேட்டபோதும், மழை, ரோடு சரியில்லை என்று முடித்துவிட்டாள். அவனைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீல்சேரில் உட்கார்ந்து ஒரு வருடம் ஓடிய பிறகு, உபகரணம் தந்து உதவும் ஒரு சங்கத்தின் மூலம் கௌசலா அறிமுகமானாள். முப்பது வயது ஃபிசியோதெரபிஸ்ட். கண்டிப்பான பெண், சிரிப்பு குறைவு. நோயாளிகள் எல்லாருக்கும் அவள் மிஸ்தான். ஒரு காலை முழுக்கத் தாமரையைச் சோதித்தாள். கையை ஊன்றாமல் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, முழங்காலும் இடுப்பும் முழுதாக நீளுகிறதா, தோள்மூட்டு எத்தனை பாரம் தாங்கும், தோலில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டாள். வீட்டுத் தரை சிமெண்டா டைல்ஸா என்றுகூடக் கேட்டாள். கடைசியில் பேனாவை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"நின்னு என்னக்கா செய்யணும் உங்களுக்கு?"

எல்லாரும் அதுவரை எப்போது நடப்பாய் என்றுதான் கேட்டிருந்தார்கள். நின்று என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. தாமரைக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது.

"நூல் பிடிக்கணும் மிஸ்."

அப்படியானால் முடிவு சுலபம் என்றாள் கௌசலா. இரண்டு வழி இருந்தது. ஒன்று, தொடையிலிருந்து பாதம்வரை காலை இறுக்கிப் பிடித்து, முழங்காலை மடங்காமல் பூட்டிவிடும் கேலிப்பர். அதைப் போட்டுக்கொண்டு வாக்கரைப் பிடித்து உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து நகரலாம். நகரலாம், அவ்வளவுதான். இரண்டு கையும் வாக்கருக்குப் போய்விடும், பத்துப் பதினைந்து எட்டில் தோள் கழன்றுவிடும். இன்னொன்று ஸ்டாண்டிங் ஃபிரேம். பாதத்தை வைக்க இடம், முழங்காலைத் தாங்க மெத்தை, இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட். பம்ப் அடித்தால் பெல்ட் மெல்ல மேலே தூக்கி நிற்க வைக்கும். ஓர் அடிகூட நகர முடியாது. ஆனால் அரை மணி, முக்கால் மணி என்று நிற்கலாம், இரண்டு கையும் சும்மா இருக்கும். முன்னால் உள்ள தட்டைக் கழற்றிவிட்டால் ஒரு நாற்காலியை நெருக்கிப் போட்டு, அதில் ஆளைச் சாய்த்து வைக்கலாம். கௌசலா அதைக் காகிதத்தில் படமாகவே வரைந்து காட்டினாள்.

சங்கத்தில் ஒருவருக்கு ஓர் உபகரணம்தான், ஐந்து வருடத்துக்குள் இன்னொன்று கிடையாது. யோசித்துச் சொல்லச் சொன்னாள் கௌசலா. யோசிக்க ஒன்றுமில்லை, ஃபிரேம்தான் என்றாள் தாமரை. கௌசலா படிவத்தில் அதைக் குறித்துக் கொடுத்தாள். பங்சாரில் இருந்த சங்க அலுவலகத்தில் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக விமலன் வாங்கிக்கொண்டான். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. காரில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு தாமரை பாடிக்கொண்டே வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து விமலன் சொன்னான், ஃபிரேம் கிடைக்காதாம், கையிருப்பு தீர்ந்துவிட்டதாம், கேலிப்பர்தான் தருகிறார்களாம் என்று. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அளவு எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். தாமரைக்கு முகம் தொங்கிப்போயிற்று. கௌசலா தனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று மனதுக்குள் குறைபட்டாள். அங்கே கௌசலாவுக்கும் ஒரு குறை இருந்தது. அத்தனை நேரம் எடுத்துச் சொல்லியும் கேட்காமல், நாலு பேர் முன்னால் நடந்து காட்ட வேண்டும் என்ற ஆசையில் தாமரை கேலிப்பருக்கு மாறிவிட்டாள் என்று அவள் நினைத்தாள். இருவரும் வாரம் இரண்டு முறை முகத்தோடு முகம் பார்த்தார்கள். இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்வதா என்று தாமரை கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து எடுத்த முடிவில் மூக்கை நுழைப்பதா என்று கௌசலாவும் கேட்கவில்லை. நம்மவர்களின் நாகரிகம் இருக்கிறதே, அதில் பாதியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டால்தான் உருப்படுவோம்.

கேலிப்பர் வந்தபோது அதோடு வார் வைத்த கறுப்புத் தோல் சப்பாத்து ஒரு ஜோடியும் வந்தது. கௌசலா அதைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். கணுக்காலின் சாய்வை இந்தச் சப்பாத்தின் குதிகால் உயரத்துக்கு ஏற்றபடி வைத்திருக்கிறார்கள், சப்பாத்து இல்லாமல் எழுந்தால் உடம்பு பின்னால் சாய்ந்துவிடும், போதாக்குறைக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் வழுக்கும் என்றாள். தமிழ் வீட்டில் சப்பாத்தோடு நடப்பதா என்ற கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதை ரோட்டில் போடாதீர்கள், வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடியைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள் என்று அவளே வழியும் சொன்னாள். தாமரை சப்பாத்தின் அடியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தாள். ஆனாலும் சாமிப்படம் இருந்த மூலைப் பக்கம் அதோடு போக மனம் வரவில்லை, ஹாலிலேயே சுற்றி வந்தாள்.

ஐந்து மாதம் பழகினாள். முதலில் நாலு எட்டு, பிறகு ஒன்பது, பிறகு பதினான்கு. உள்ளங்கையில் தோல் தடித்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டு சந்தோஷப்படத் தெரிந்தவள் அவள். ஒரு நாள் ஃபிரிட்ஜ் வரைக்கும் போய், அதன் மண்டையில் படிந்திருந்த தூசியைப் பார்த்தாள். இரண்டு வருடத் தூசி. துடைக்கலாம் என்று பார்த்தால் இரண்டு கையும் வாக்கரில் இருந்தன. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது விமலன் விஷயத்தைச் சொன்னான். விபத்து நடந்த அன்றே, ஆஸ்பத்திரி வாசலில் நின்று வேண்டிக்கொண்டானாம். தாமரை தன் காலால் கொடிமரத்திலிருந்து சன்னிதிவரை நடந்து வருவாள் என்று முருகனிடம் சொல்லியிருக்கிறானாம். இப்போது பதினான்கு எட்டு வந்துவிட்டதே, போதுமே என்றான். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் தனக்காக ஒருவன் அழுதுகொண்டு வேண்டியிருக்கிறானே என்று உருகியும் போனாள்.

கிள்ளானில் அவர்கள் வழக்கமாகப் போகும் சின்னக் கோயில்தான். பட்டுச்சேலையைக் கேலிப்பருக்கு மேலே எப்படியோ சுற்றிக்கொண்டு தாமரை வீல்சேரில் வந்தாள். வாசலில் விமலன் குனிந்து சப்பாத்தின் வார்களை அவிழ்க்க ஆரம்பித்தான். கோயில் செயலாளர் இராமலிங்கம் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் நல்ல மனிதர்.

"வீட்டுக்குள்ள போடற சுத்தமான சப்பாத்துதானே தம்பி. போட்டுக்கிட்டே வரட்டும் லா. சாமி ஒண்ணும் சொல்லாது."

விமலன் கேட்கவில்லை. வேண்டுதல் வெறுங்காலோடுதான் என்றான். மிஸ் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்று தாமரை அவன் கையைப் பிடித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் பூராவும் வேர்த்திருந்தது.

"பத்து அடிதான் தாமரை."

இதே குரலை அவள் மழையில் கேட்டிருந்தாள். அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சன்னிதிக்குச் சப்பாத்தோடு போக அவளுக்கும்தானே கூச்சம். காலை நீட்டிக் கொடுத்தாள். அதில் அவள் பங்கும் இருக்கிறது, அதை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை.

மூன்றாவது எட்டில் உடம்பு பின்னால் சாய்ந்தது. கையில் பிடித்திருந்த வாக்கரும் தரையை விட்டு எழும்பி அவளோடு பின்னால் வந்தது. கருங்கல் தரையில் விழுந்தபோது வலி எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. வருடக்கணக்கில் பாரம் தாங்காத எலும்பு பலமில்லாமல் போயிருக்கும் என்று கௌசலா முன்பே எச்சரித்திருந்தாள். தொடை, மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்ததைத் தாமரை தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் கௌசலா ஒரு டின் மைலோவும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்தாள். விமலன் வேலைக்குப் போயிருந்தான். வந்தவளுக்குத் தாமரையின் காலைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நான் அன்னைக்கே ஃபிரேம்தான்னு எழுதிக் கொடுத்தேன்க்கா. நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

தாமரைக்குப் புரியவில்லை. கையிருப்பு இல்லை என்றுதானே சொன்னார்கள் என்றாள். ஃபிரேம் மூன்று இருந்தது என்றாள் கௌசலா. படிவத்தில் அவள் போட்ட குறி அடிக்கப்பட்டு, பக்கத்தில் நோயாளியின் விருப்பப்படி கேலிப்பர் என்று எழுதி வந்ததாம். சந்தேகப்பட்டு வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாளாம். விமலன்தான் எடுத்தானாம். தாமரை மனதை மாற்றிக்கொண்டாள், உங்களிடம் நேரில் சொல்ல வெட்கப்படுகிறாள், அதைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டாம் என்று கெஞ்சினானாம்.

தாமரை ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். தோலைக்கூட உரிக்கவில்லை. விபத்துக்காக அவள் அவனை மன்னித்தாள் என்பதல்ல, அதை ஒரு குற்றமாகவே அவள் வைக்கவில்லை. கோயிலில் விழுந்ததையும் தன் கூச்சத்தோடு சேர்த்துப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். இது அப்படி இல்லை. இதை அவன் நிதானமாக, பேனா எடுத்து, மேசை முன்னால் உட்கார்ந்து செய்திருக்கிறான். அதற்கப்புறம் ஐந்து மாதம், அவள் தோள் வலிக்கு அவனே தைலம் தேய்த்து விட்டிருக்கிறான். அந்தக் கையை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு எரிந்தது.

அன்று மாலை விமலன் வந்தான். அவள் கேட்கவில்லை. படுக்கையில் கிடந்துகொண்டு கேட்டால், அவன் மேலேயிருந்து குனிந்து நெற்றியைத் தடவி, முதலில் உடம்பு தேறட்டும் என்பான். வீல்சேரில் இருந்து கேட்டால், இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். இதைக் கண்ணுக்கு நேரே பார்த்துக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அதற்கு அவள் நிற்க வேண்டும். எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும்.

எட்டு மாதம் ஆயிற்று. தொடைக்குள் தகடு வைத்து, எலும்பு கூடி, நிற்க வைக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை அவள் ஒரு சாடைகூடக் காட்டவில்லை. சமையலில் உப்பு குறைந்தால் சொன்னாள், மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்டாள். விமலனும் பழையபடி ஆனான். கௌசலா சங்கத்தோடு சண்டை பிடித்து, கேலிப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பந்திங் ஊரில் யாரோ திருப்பிக் கொடுத்த ஒரு பழைய ஃபிரேமை வாங்கித் தந்தாள். அது லோரியில் வந்து இறங்கியபோது, ஹாலில் இதை வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று விமலன் முணுமுணுத்தான். பார்க்கட்டும் என்றாள் தாமரை.

முதல் நாள் பாதி உயரத்திலேயே கண் இருட்டியது. கௌசலா இறக்கிவிட்டாள். பிறகு ஐந்து நிமிடம், பத்து, இருபது. முப்பது நிமிடம் தலைசுற்றாமல் நின்ற வாரத்தில், எதிர் வீட்டுக் குணேஸ்வரியைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புருவம் எடுத்துக்கொள்ள வரச் சொன்னாள். விமலனை ஒன்பதே முக்காலுக்கு ஹாலுக்குக் கூப்பிட்டாள். கண்ணாடி ஜன்னல் பக்கம் ஃபிரேம் இருந்தது. அவன் பெல்ட்டை மாட்டிவிட்டான். பம்ப் கைப்பிடியை அவளே அடித்தாள்.

அவள் முகம் அவன் வயிற்றைத் தாண்டி, பொத்தான்களைத் தாண்டி, மேலே வந்தது. அவன் மீசையில் நரை இருந்ததை அவள் கவனித்திருக்கவில்லை. கண் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"படிவத்த ஏன் மாத்துனீங்க?"

அவனுக்கு எந்தப் படிவம் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினான், தரையைப் பார்த்தான். கீழே பார்த்தாலும் அவள் முகம் இப்போது கீழே இல்லை. சாமிக்கு வேண்டுதல் என்று ஆரம்பித்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு பாதியில் நின்றுபோயிற்று.

"நீ நடந்துட்டா, அன்னைக்கு நான் பாலத்துக்கு அடியில நிறுத்தாதது ஒண்ணுமில்லன்னு ஆயிடும்னு நெனச்சேன். அந்த ஃபிரேம்ல நிக்கிறத தெனம் பார்த்தா அது தீரவே தீராது தாமரை."

அழுதான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேறொரு நாளாக இருந்தால் அவள் கையை நீட்டியிருப்பாள். இன்று இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. அவள் நீட்டவில்லை.

"சாமிகிட்ட பேசினீங்க, ஆபீஸ்ல பேசினீங்க, மிஸ்கிட்டயும் பேசினீங்க. என் காலப் பத்தி என்கிட்ட மட்டும் பேசல."

வாசலில் குணேஸ்வரி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வரச் சொல்லும் முன்பே வந்தவள் இருவரையும் பார்த்துத் தயங்கினாள். தாமரை அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னாள், தலையைச் சாய்க்கச் சொன்னாள். நாற்காலி முதுகு ஃபிரேமோடு ஒட்டி நின்றது, கௌசலா வரைந்து காட்டியது போலவே. பவுடரைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். விமலன் நகராமல் அங்கேயே நின்றான். அவள் இன்னும் ஏதாவது சொல்லுவாள், திட்டவாவது செய்வாள் என்று அவன் காத்திருந்தது தெரிந்தது.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "வெளிச்சம் மறைக்குது."

அவன் தள்ளி நின்றான். அவள் நூலை இழுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கடித்த பிறகு பேச முடியாது. குணேஸ்வரிக்கு இரண்டு புருவத்தையும் முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்கப்புறமும் அவள் நூலை வாயிலிருந்து எடுக்கவில்லை.